நெஞ்சு என்ன பண்ணுது?

“பாட்டி, உங்களுக்கு நெஞ்சழுத்தம் இருக்கா?”

பாட்னாவிலிருந்து மதுரைக்கு மேற்படிப்புக்கு வந்திருக்கும் ஒரு டாக்டர் தம்பி, எழுபது வயது அம்மாள் ஒருவரிடம் இப்படிக் கேட்டுவிட்டார். அகராதியைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். நெஞ்சு என்றால் மார்பு, அழுத்தம் என்றால் அமுக்குவது. இரண்டையும் ஒட்டினால் இதய நோயாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி தயார். பாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எனக்கு எதுக்குய்யா நெஞ்சழுத்தம்? அதெல்லாம் எம் மருமவளுக்குத்தான்” என்றாராம். தம்பி அதையும் விடாமல், குடும்பத்தில் இதய நோய் உண்டு என்று சீட்டில் எழுதியிருக்கிறார். மருமகள் வேறு வீட்டு ரத்தம் என்று பக்கத்திலிருந்த நர்ஸ் சொன்ன பிறகுதான் அந்த வரியை அடித்தார்.

சனிக்கிழமை வகுப்பில் அவர் இதைச் சொன்னபோது நான் சிரித்து முடிக்க நேரமாயிற்று. அப்புறம்தான், இந்த ஒரு சொல்லுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குவது என்று முடிவு செய்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 22 வருடம் பிழை திருத்தியவள் நான். இப்போது மகள் வீட்டோடு மதுரையில் இருக்கிறேன். வெளிமாநிலத்திலிருந்து வரும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் தமிழ் கற்கும் மருமகனோ, வெளிநாட்டில் வளரும் பேத்தியோ இருந்தால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் செய்ய வேண்டியது, ‘நெஞ்சு என்றால் என்ன?’ என்ற கேள்வியை ஓரமாக வைப்பது. அதற்குப் பதில் சொல்லப் போனால் விடியாது. மார்பு என்பீர்கள், உடனே ‘சோறு நெஞ்சில் சிக்கிக்கொண்டது’ என்று ஒருவர் வருவார், அங்கே நெஞ்சு உணவுக்குழாய். மனம் என்பீர்கள், ‘நெஞ்சுச்சளி’ என்று இன்னொருவர் வருவார், அது நுரையீரல். ‘நெஞ்சு படபடக்குது’ என்றால் இதயம். கசாப்புக் கடையில் நெஞ்செலும்பு கேட்டால் சூப்புக்கு. இத்தனையும் ஒரே சொல். ஆகவே நெஞ்சு எது என்று கேட்காதீர்கள், அது என்ன பண்ணுகிறது என்று கேளுங்கள். பின்னால் வருகிற வினைச்சொல்தான் பொருளைச் சொல்லும். நம் ஊரில் நோயாளியிடம் கேட்கும் கேள்வியே அதுதானே: “என்னம்மா பண்ணுது?”

என் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வினைகள் ஐந்து. வலிக்குது, எரியுது, கரிக்குது, அடைக்குது, படபடக்குது. வலியும் படபடப்பும் அவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். எரிவது சாப்பிட்ட பிறகு மேலெழும் அமிலம். நெஞ்செரிச்சல் என்று மாத்திரை அட்டை விளம்பரத்திலேயே இருக்கிறது. ‘கரிக்குது’தான் தகராறு. கரி என்றால் அடுப்புக்கரி என்று எண்ணிக்கொண்டு ஓர் அசாம் நர்ஸ், நோயாளியின் நெஞ்சு கருத்துவிட்டதா என்று சட்டையை விலக்கிப் பார்த்திருக்கிறாள். கண்ணில் சோப்பு நுரை போனால் கண் கரிக்கும், குழம்பில் உப்பு கூடினால் நாக்கில் கரிக்கும். அதே காந்தல் நெஞ்சுக்குள் இருந்தால் நெஞ்சு கரிக்குது. இப்படிச் சொன்னால் புரிந்துவிடும்.

இந்தச் சொல்லை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2016 தை மாதத்தில் ஒரு விடிகாலை, என் அத்தை எழுந்து உட்கார்ந்து, “நெஞ்சு கரிக்குதுடி, ராத்திரி தின்ன பஜ்ஜி ஒத்துக்கல” என்றார். அவருக்கு அப்போது 61 வயது, சர்க்கரை உண்டு. பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த இளைய டாக்டர், அத்தை சொன்ன ‘கரிக்குது’வை மட்டும் எடுத்துக்கொண்டு ரோஸ் நிறச் சிரப்பும் நாலு மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். ஈசிஜி எடுக்கவில்லை. சாயங்காலம் அத்தைக்குச் சட்டென்று வேர்த்து ஊற்றியது. 108 வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி பார்த்த உடனே மாரடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் என்னை அதட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் பிற்பாடு நினைத்துப் பார்த்தால், முந்தின நாளே அத்தை வீட்டில் சொல்லியிருக்கிறார்: “இடது கை கடுக்குது.” முந்தின நாள் மாவு இடித்ததால் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கை கடுப்பது கையின் சமாச்சாரம், நெஞ்சு கரிப்பது பஜ்ஜியின் சமாச்சாரம் என்று எங்கள் கணக்கு. அந்த டாக்டராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதனால் என் மாணவர்கள் ‘கரிக்குது’ என்ற சொல் காதில் விழுந்ததும் கையோடு கேட்க வேண்டிய கேள்விகளையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். “கை கடுக்குதா? தாடை இழுக்குதா? முதுகு வலிக்குதா? வேர்க்குதா? மூச்சு வாங்குதா?” மாரடைப்பு எல்லாருக்கும் சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக வராது, பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வேறு வேஷத்தில் வரலாம் என்பதை அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதற்குத் தமிழ் கொடுத்தேன். இதைப் படிக்கிற நீங்களும் வீட்டில் யாராவது இப்படிச் சேர்த்துச் சொன்னால் சிரப்பைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, ‘ஒரு மாதிரி பண்ணுது’. இதற்கு எந்த அகராதியிலும் உருப்படியான பொருள் கிடையாது. “நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது டாக்டர்” என்று சொல்பவரிடம் என்ன மாதிரி என்று திருப்பிக் கேட்டால் “சொல்லத் தெரியல” என்பார். அவரைக் கையால் காட்டச் சொல்லுங்கள். ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவதும், முஷ்டியை மடக்கி நடு நெஞ்சில் வைத்துக் காட்டுவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு லெவின் என்ற அமெரிக்க டாக்டரின் பெயரே வைத்திருக்கிறார்களாம். சொல் தடுமாறுகிற இடத்தில் கை பேசிவிடுகிறது.

மண்டபம் முகாமிலிருந்து வருகிற இலங்கைத் தமிழர்கள் ‘நெஞ்சு நோகுது’ என்பார்கள். அதுவும் வலிதான். நம்மூரில் மனம் நோவது மட்டும்தான் பாக்கி என்பதால், புதிதாகக் கற்றவர்கள் அதை மனவருத்தம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. எச்சரித்து வைக்கிறேன்.

இனி எந்த இடத்தில் நெஞ்சு, எந்த இடத்தில் மார்பு. பெண் நோயாளியிடம் ஓர் ஆண் டாக்டர் “மார்பு வலிக்குதா?” என்று கேட்டால் அந்த அம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். அவர் காதில் விழுவது வேறு. “நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டால் சங்கடமே இல்லை. ஆண், பெண், குழந்தை யாருக்கும் பொதுவானது நெஞ்சு. மார்பகப் புற்றுநோய், மார்பகப் பரிசோதனை என்று வரும்போது மட்டும் மார்பகம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அங்கே சுற்றி வளைப்பதுதான் தப்பு. தையல்காரரிடம் மார்பளவு, ஆற்று வெள்ளத்தில் மார்பளவுத் தண்ணீர். அளவு என்றால் மார்பு.

பேச்சில் அது ‘மார்’ என்று குறுகும்போது குணம் மாறிவிடுகிறது. மார் தட்டினால் பெருமை. மாரடித்தால் ஒப்பாரி. ‘கூலிக்கு மாரடிக்கிறான்’ என்றால் மனசில்லாமல் காசுக்காக வேலை செய்கிறான். காசு வாங்கிக்கொண்டு சாவு வீட்டில் அழுதவர்களிடமிருந்து வந்த வழக்கு. ‘உன்னோட மாரடிக்க என்னால முடியல’ என்று ஓர் அம்மா மகனிடம் சொன்னால் அங்கே யாரும் சாகவில்லை, அவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை, அவ்வளவுதான். விசித்திரம் என்னவென்றால், வலி வந்தால் நெஞ்சுவலி. அதே வலி முற்றி நோயாகப் பெயர் வாங்கும்போது மாரடைப்பு. மார்வலி என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்கும் மாணவருக்கு நான் சொல்வது, “அப்படித்தான் தம்பி.”

நெஞ்சும் மனசும் அதைவிடச் சிக்கல். இந்திக்காரர்களுக்கு ‘தில்’ என்று ஒரு சொல் இருப்பதால் எல்லாவற்றையும் நெஞ்சின் தலையில் கட்டிவிடுவார்கள். அதே பாட்னா தம்பி ஒரு நாள், “எனக்கு டீ குடிக்க நெஞ்சு செய்யுது” என்றார். நான் ஈசிஜிக்கு ஆள் கூப்பிடப் போனேன். டீ குடிக்க வேண்டும் போல இருப்பதற்கு நெஞ்சு வேண்டாம், மனசுகூட வேண்டாம். “டீ குடிக்கணும் போல இருக்கு”, முடிந்தது. ஆசைப்படுவது, மாறுவது, முடிவெடுப்பது, இரங்கிக் கொடுப்பது எல்லாம் மனசு. ‘மனசு மாறிட்டான்’ உண்டு, ‘நெஞ்சு மாறிட்டான்’ இல்லை. ‘மனசு வந்து கொடுத்தார்’ உண்டு, ‘நெஞ்சு வந்து’ இல்லை. நெஞ்சு அடி வாங்கும் இடம். தைக்கும், உருகும், பதறும், திக்கென்னும், பொறுக்காது. மனசு கொஞ்சம் யோசித்துச் செய்வது. நெஞ்சு யோசிக்க நேரம் கிடைக்காமல் படுவது. இந்த வித்தியாசத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வகுப்பில் சொல்லிச் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

உடம்பா உணர்ச்சியா என்று பிரிக்க ஒரு சின்ன இலக்கண உபாயம் இருக்கிறது. ‘நெஞ்சு’ எழுவாயாக இருந்தால் பெரும்பாலும் உடம்பு: நெஞ்சு வலிக்குது, நெஞ்சு எரியுது. ‘நெஞ்சை’ என்று ஐ உருபு வந்து, அதைச் செய்வது ஒரு பேச்சாகவோ பாட்டாகவோ துக்கமாகவோ இருந்தால் உணர்ச்சி: அவர் பேச்சு நெஞ்சைத் தைத்தது, பாட்டு நெஞ்சை உருக்கியது. முக்கால்வாசி நேரம் இது கைகொடுக்கும். ‘சளி நெஞ்சை அடைக்குது’ என்று ஒருவர் வந்து கவிழ்த்தும் விடுவார்.

உடம்பும் உணர்ச்சியும் ஒரே சொல்லில் குடியிருப்பதை ஒரு குறைபாடாக நினைக்கும் மாணவர்களுக்கு 1128-ஆம் குறளைச் சொல்லுவேன்.

நெஞ்சத்தார் காத லவராக வெய்துண்டல்
அஞ்சுதும் வேபாக் கறிந்து.

காதலர் என் நெஞ்சுக்குள் இருக்கிறார். சூடாக எதையும் சாப்பிடப் பயமாக இருக்கிறது, அவருக்குச் சுட்டுவிடுமே என்கிறாள் அந்தப் பெண். சோறு இறங்கும் நெஞ்சும் ஆள் குடியிருக்கும் நெஞ்சும் ஒன்றாக இருந்தால்தான் இந்த வேடிக்கை நடக்கும். ‘மனசு’ என்று போட்டிருந்தால் சூடான சோறு அங்கே போகாது. ‘இதயம்’ என்றாலும் போகாது. வள்ளுவர் நெஞ்சோடு தனியாகப் பேசுவதற்கே 125, 130 என்று இரண்டு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அந்த 130-இல் ஒருத்தி தன் நெஞ்சோடு சண்டை போடுகிறாள்: அவர் நெஞ்சு அவர் பக்கம் நிற்கிறது, நீ ஏன் என் பக்கம் நிற்கமாட்டேன் என்கிறாய்? இன்று இதை நாம் “பாழாப்போன மனசு கேக்கமாட்டேங்குது” என்கிறோம். அந்த வேலை நெஞ்சிடமிருந்து மனசுக்கு மாற்றலாகிவிட்டது.

சரி, குணங்களுக்கு வருவோம். இங்கேதான் ஒட்டுச்சொற்கள் காலை வாரும். நெஞ்சுரம், நெஞ்சுறுதி இரண்டும் பாராட்டு, மேடையில் சொல்லலாம். நெஞ்சழுத்தம் திட்டு. யார் அழுதாலும் அசையாமல், செய்த தப்புக்குக் கூசாமல் நிற்பவருக்கு அது. கல்நெஞ்சு அதற்கும் ஒரு படி மேலே. நெஞ்சில் ஈரம் இருந்தால் இரக்கம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று அதை எழுதிவைத்த மாணவரும் உண்டு. இப்போது பாட்டியின் கதைக்குத் திரும்பினால் டாக்டர் தம்பி எங்கே சறுக்கினார் என்று தெரியும். அழுத்தம் நெஞ்சோடு ஒட்டி ஒரே சொல்லானதும் குணத்துக்குப் போய்விட்டது. நோயைக் கேட்க வேண்டுமானால் பிரித்துப் போட்டுக் கேட்க வேண்டும்: “நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்கா? மேல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கா?” வயிற்றுக்கும் இதே கதைதான். வயிற்றில் எரிச்சல் என்றால் அல்சராக இருக்கலாம். வயித்தெரிச்சல் என்றால் பக்கத்து வீட்டில் கார் வாங்கியிருக்கிறார்கள்.

‘நெஞ்சார’ என்ற சொல்லில் ஒரு பழைய கணக்கு புதைந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையிலும் நன்றி அறிவிப்பிலும் நெஞ்சார வாழ்த்துகிறோம், நெஞ்சார்ந்த நன்றி என்று அடிக்கிறோம்; மனம் நிறைந்து என்று பொருள். ஆனால் உலகநீதியில் ‘நெஞ்சாரப் பொய்தன்னைச் சொல்ல வேண்டாம்’ என்று சின்ன வயதில் ஒப்பித்திருப்பீர்கள். அங்கே மனம் நிறைந்த பொய் என்று கொள்ள முடியாது. தெரிந்தே, தன் நெஞ்சு அறியச் சொல்லும் பொய். இன்றும் கிராமத்தில் ‘நெஞ்சறியப் பொய் சொல்றான்’ என்கிறார்கள். பழம்பாட்டைப் படிக்கும்போது அந்தப் பொருளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுகிறவர்களுக்கு, என் பழைய தொழிலிலிருந்து கொஞ்சம். நெஞ்சு குற்றியலுகரம், பின்னால் உயிர் வந்தால் உகரம் போய்விடும். நெஞ்சு, எரிச்சல்: நெஞ்செரிச்சல். நெஞ்சு, அழுத்தம்: நெஞ்சழுத்தம். வலி வந்தால் நெஞ்சுவலி, ஒற்று வராது. கூடும் சளியும் வந்தால் ஒற்று வரும், நெஞ்சுக்கூடு, நெஞ்சுச்சளி. ஆனால் நெஞ்சு துடித்தது என்பதில் துடிப்பது நெஞ்சேதான், ஒற்று கூடாது; ‘நெஞ்சுத் துடித்தது’ என்று நான் வெட்டிய ஒற்றுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மூட்டை தேறும். நெஞ்சு என்றால் நெஞ்சில், நெஞ்சுக்கு; நெஞ்சம் என்றால் நெஞ்சத்தில், நெஞ்சத்துக்கு. இரண்டையும் கலக்காதீர்கள்.

பன்மை வேண்டுமானால் நெஞ்சம் மட்டும்தான் தரும். ‘அன்பு நெஞ்சங்களே’ என்றால் எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். ஒரு முறை நான் ஊருக்குப் போயிருந்த நாளில், ஆண்டு விழா அழைப்பிதழ் ஒன்று ‘அன்பு நெஞ்சுகளே’ என்று 500 பிரதி அச்சாகிவிட்டது. வந்து பார்த்தபோது எனக்குக் கசாப்புக் கடைப் பலகைதான் ஞாபகம் வந்தது. முதலாளி, “யாரும் கவனிக்க மாட்டாங்கம்மா” என்றார். யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியாகக் கற்றுக்கொடுப்பது ‘நெஞ்சு வேகாது’. “எம் பேரனை ஒரு தரம் பாக்காம என் நெஞ்சு வேகாது” என்று படுக்கையில் இருக்கும் பெரியவர் சொல்வார். சிதையில் உடம்பெல்லாம் எரிந்தாலும் நெஞ்சு லேசில் வேகாது என்பது மயானத்து அனுபவம். நிறைவேறாத ஆசை இருந்தால் அது வேகவே வேகாது என்பது நம்பிக்கை. இதைக் கேட்டால் மருந்து எழுத வேண்டாம். பேரனின் செல் நம்பரைக் கேட்டு வாங்குங்கள் என்பேன்.

பாடம் முடிந்ததும் ஒரு சின்னப் பரீட்சை. நான் வாக்கியம் சொல்வேன். ஈசிஜி எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

“மிளகாய் வறுத்தாங்க, நெஞ்சு கமறுது.” வேண்டாம்.

“அவளுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி.” வேண்டாம். பாட்னா தம்பிதான் முதலில் கத்தினார்.

“நெஞ்சு கரிக்குது, கையும் கடுக்குது.” வேண்டும்.

“செத்துப்போன பிள்ளைய நினைச்சா நெஞ்சை அடைக்குது டாக்டர்.”

இதற்கு எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். ஐ உருபு வந்திருக்கிறது, செய்வது துக்கம், ஆகவே உணர்ச்சி. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொன்னார்கள். அசாம் நர்ஸ் மட்டும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அந்த அம்மாவுக்கு என்ன வயசு, டீச்சர்?” என்றாள்.

“அறுபத்தஞ்சு.”

“அப்ப எடுத்துடலாம்.”